சோழவரம் ஓடுதளமும் இருங்காட்டுக்கோட்டைத் தடமும்: சென்னைக் கார் பந்தயத்தின் வரலாறு

இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குச் சென்று காரோட்டியவர்கள் இதுவரை இருவரே. அவ்விருவரும் சென்னையில் பிறந்தவர்கள், இருவரும் பந்தயக் குடும்பங்களின் பிள்ளைகள் என்பது தற்செயலான பொருத்தம் அன்று. பணவளத்திலும் கார்களின் எண்ணிக்கையிலும் பம்பாயும் கல்கத்தாவும் சென்னையை விஞ்சியிருந்த காலத்திலும்கூட, இந்தியக் கார் பந்தயத்தின் தலைநகர் என்ற பெயர் சென்னைக்கே நிலைத்தது. இதற்கான காரணத்தை வீரர்களின் துணிச்சலில் தேடுவோர் பாதி விடையையே பெறுவர். 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் உறுப்பினர் கழகம், முதலில் இரவல் நிலத்திலும் பின்னர் சொந்த நிலத்திலும் ஆண்டு தவறாமல் பந்தயம் நடத்துவதற்கு வழிவகுத்துக்கொண்டதே அப்பெயர் நிலைத்ததற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

கழகம் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே இந்நகரத்துக்குத் தானியங்கி வண்டிகளோடு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. மவுண்ட் ரோட்டில் குதிரை வண்டிகள் கட்டி விற்றுவந்த சிம்ப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன், 1903இல் நீராவியால் ஓடும் காரொன்றை இங்கேயே கட்டி நகரத் தெருக்களில் ஓட்டிக்காட்டினார். அடுத்த ஆண்டே தென்னிந்திய மோட்டார் யூனியன் என்ற பெயரில் கார் வைத்திருப்போரின் சங்கம் உருவாயிற்று. அதுவே பின்னாளில் தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கமாக வளர்ந்தது. ஆனால் அக்காலக் கார் உரிமையாளர் என்றால் உயர் அதிகாரியோ, வணிக நிறுவனத்தின் பங்குதாரரோ, ஜமீன்தாரோதான். வண்டி ஓட்டச் சாலையும் பழுது பார்க்கப் பட்டறையும் வேண்டும் என்பதே அவர்களது கூட்டுக் கவலையாக இருந்தது; ஒருவரையொருவர் முந்திப் பார்ப்பது விளையாட்டாக உருப்பெறுவதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. பொதுச் சாலையை மறித்து ஓட்டுவது எளிதன்று. ஓட்டினாலும் ஆடுமாடுகளுக்கும் பாதசாரிகளுக்கும் ஆபத்து.

அந்த இடத்தை அளித்தது இரண்டாம் உலகப்போர். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கியபோது சென்னை நகரமே அஞ்சி வெளியேறியது. கிழக்குக் கடற்கரையைக் காப்பதற்காக அரச விமானப்படை போர்க்காலத்தில் பயன்படுத்திய தளங்களுள் ஒன்று, சென்னைக்கு வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில், செங்குன்றத்தைத் தாண்டி, ஏரிக்குப் பெயர்பெற்ற சோழவரத்தில் இருந்தது. போர் முடிந்ததும் அத்தளத்துக்கு வேலை இல்லாமற்போயிற்று. கனத்த குண்டுவீச்சு விமானம் இறங்கினாலும் தாங்கும்படி போடப்பட்ட அகன்ற கான்கிரீட் பரப்பு, சுற்றிலும் குடியிருப்பு இல்லாத வெளி, நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையும் தொலைவு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தைப் பந்தயத்துக்கென்று தேடினாலும் கண்டிருக்க முடியாது. இங்கிலாந்திலும் இதுவே நிகழ்ந்தது. புகழ்பெற்ற சில்வர்ஸ்டோன் பந்தயத்தடம் 1948இல் கைவிடப்பட்ட போர் விமானத்தளத்தில்தான் தொடங்கியது. பம்பாயில் ஜுஹுவும் வங்காளத்தில் பாரக்பூரும் இலங்கையில் களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையும் இவ்வாறே விமான ஓடுதளங்களிலிருந்து பந்தயக் களங்களாயின. ஒரு போரின் மிச்சம் தென்னாசியா முழுவதும் ஒரு விளையாட்டுக்கு நிலம் கொடுத்தது என்பதை இவ்வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு வலியுறுத்தவில்லை.

கழகம் பிறந்த 1953ஆம் ஆண்டு இன்னொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது. முழுதும் கட்டப்பட்ட கார்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதற்கு நடுவண் அரசு ஏற்கெனவே தடை விதித்திருந்தது. அவ்வாண்டு வெளிவந்த சுங்கவரி ஆணையத்தின் அறிக்கை, உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் வைத்திருக்கும் நிறுவனங்கள் மட்டுமே இங்கு கார் தொழிலில் நீடிக்கலாம் என்ற நிலையை உருவாக்கியது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு போன்ற நிறுவனங்கள் உதிரிகளைக் கொண்டுவந்து பூட்டி விற்கும் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறின. வேகத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட, பெரும்பாலும் இருவர் மட்டும் அமரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்னும் வகை இனி இந்தியாவுக்குள் வருவதற்கான கதவு இவ்வாறு ஏறத்தாழ மூடப்பட்டது. எனவே நாடு திரும்பிய ஆங்கிலேயர் விட்டுச்சென்ற கார்களும், சமஸ்தானங்களின் கொட்டகைகளில் நின்றவையுமே பந்தய ஆர்வலர்களுக்குக் கிடைத்த சரக்கு. உடைந்த பாகத்துக்கு மாற்றுப் பாகம் கப்பலில் வராது. லேத் பட்டறையில் கடைந்துதான் ஆகவேண்டும். வறட்சியாகத் தோன்றும் இந்நிலைமையே சென்னைப் பந்தயத்தின் தனித்தன்மையை வடித்தது. பணம் கொடுத்து வேகத்தை வாங்க முடியாத சூழலில் வேகத்தைக் கையால் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கான கைகள் இந்நகரத்தில் இருந்தன. செம்பியத்தில் பிஸ்டன்கள் வார்க்கப்பட்டன. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டி வந்தது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் பின்னர் எம்.ஆர்.எஃப். டயர்களும் உருவாயின. சோழவரம் இந்த வடசென்னைத் தொழிற்பகுதிகளிலிருந்து எட்டிவிடும் தொலைவில் இருந்தது.

சோழவரத்தில் பந்தயம் பெரும்பாலும் பிப்ரவரியில், வடகிழக்குப் பருவமழை முற்றிலும் ஓய்ந்து கோடை தலைகாட்டுவதற்கு முன்னர் நடத்தப்பட்டது. அந்தச் சில நாள்களுக்காகக் கழகத்தின் உறுப்பினர்கள் பல மாதங்கள் உழைத்தனர் என்பதும், அவர்களுள் பெரும்பாலோர் ஊதியமின்றி உழைத்தனர் என்பதும் கவனிக்கத்தக்கவை. பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, பிரேக், ஸ்டியரிங், எரிபொருள் குழாய், சக்கர நட்டு, ஓட்டுநரின் தலைக்கவசம் என ஒவ்வொன்றாகச் சோதித்து அனுமதிச் சீட்டு ஒட்டுபவர் ஸ்க்ரூட்டினியர் எனப்பட்டார். அவர் கையசைத்து மறுத்துவிட்டால் எவ்வளவு பெரிய மனிதரின் காராக இருந்தாலும் தடத்தில் இறங்க முடியாது. மின்னணுக் கருவிகள் வராத காலத்தில் நேரக் கணக்கர்கள் நிறுத்து கடிகாரங்களைக் கையில் பிடித்து, கடந்துபோகும் வண்டியின் எண்ணைப் படித்து, ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் தாளில் குறித்தனர். திருப்பந்தோறும் நின்ற மார்ஷல்களின் மொழி கொடிகளே. மஞ்சள் கொடி முன்னே ஆபத்து இருப்பதையும் அங்கு எவரையும் முந்தக்கூடாது என்பதையும் உணர்த்தும். நீலக் கொடி பின்னால் வேகமான வண்டி வருவதைச் சொல்லும். சிவப்புக் கொடி பந்தயத்தையே நிறுத்திவிடும். எண்ணோடு சேர்த்துக் காட்டப்படும் கருப்புக் கொடி அந்த ஓட்டுநரை வண்டியோடு பிட் என்னும் பழுதுபார்ப்பு வரிசைக்கு அழைக்கும். வெயிலில் நாள் முழுவதும் நின்று, சறுக்கி வரும் கார் தன் பக்கமே வரக்கூடும் என்று தெரிந்தும் கொடியைப் பிடித்திருந்த இவர்களது பெயர்கள் பரிசுப் பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. இவர்கள் இல்லாமல் ஒரு பந்தயமும் நடந்திருக்காது.

ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டுவது தனிக் கலை. மேடுபள்ளம் இல்லாத, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே சாம்பல் நிறத்தில் விரியும் பரப்பில் திருப்பம் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட மரமோ கட்டடமோ கிடையாது. எனவே எவ்விடத்தில் பிரேக் மிதிப்பது என்பதை ஓட்டுநர் தரையில் தெரியும் ஒரு கறையையோ கான்கிரீட் பாளங்களின் இணைப்புக் கோட்டையோ அடையாளமாக வைத்து மனப்பாடம் செய்யவேண்டும். நீண்ட நேர்கோட்டில் எஞ்சின் முழு வேகத்தில் வெகுநேரம் உறுமுவதால் சூடு ஏறும். குளிர்விக்கும் நீர் கொதித்து வண்டிகள் நின்றுபோவது வழக்கம். பாளங்களின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் அதிர்ச்சி சஸ்பென்ஷன் எனப்படும் தாங்கு அமைப்பைப் பதம் பார்க்கும். ஆகவே சோழவரத்தில் வென்றவர் வேகமாக ஓட்டியவர் என்பதைக் காட்டிலும் வண்டியைக் கடைசிச் சுற்றுவரை காப்பாற்றியவர் என்பதே பொருந்தும்.

ஓடிய வண்டிகளின் கலவை இன்று நினைத்துப் பார்க்க வியப்பளிப்பது. ஒருபுறம் குடும்பத்தோடு கோயிலுக்குச் செல்லும் அம்பாசடரும் ஃபியட்டும், சென்னைக்குத் தெற்கே வண்டலூருக்கு அருகில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இருக்கைகள் பிடுங்கப்பட்டு, எஞ்சின் தலை சீவப்பட்டு, எக்சாஸ்ட் குழாய் மாற்றப்பட்டு நின்றன. எஞ்சின் தலையைச் சீவுதல் என்பது, எரிபொருள் கலவை அழுத்தப்படும் இடைவெளியைக் குறைத்து, அதே எஞ்சினிலிருந்து கூடுதல் விசை பெறும் உத்தி. மறுபுறம் சமஸ்தான வாரிசுகளும் தொழிலதிபர்களும் தனிவழிகளில் தருவித்த ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் நின்றன. கோண்டல் அரச குடும்பத்தினரின் கார்கள் சோழவரத்துப் பார்வையாளர்களுக்கு நன்கு அறிமுகமானவை. 1980களின் தொடக்கத்தில் தொழிலதிபர் விஜய் மல்லையா என்சைன் என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஃபார்முலா ஒன் காரையே இங்கு கொண்டுவந்து ஓட்டினார். இலங்கையிலிருந்தும் வீரர்கள் வந்து கலந்துகொண்டனர். ஆயினும் கூட்டத்தின் மனம் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் உள்ளூர் கார்களின் பந்தயத்திலுமே இருந்தது எனக் கொள்வதில் நியாயம் உண்டு. மக்களிடையே "சோழவரம் ரேஸ்" என்று வழங்கிய இத்திருவிழாவுக்குப் பேருந்திலும் சைக்கிளிலும் திரண்டுவந்த மெக்கானிக்குகளும் மாணவர்களும் தாங்கள் நாள்தோறும் கையாளும் வண்டியே இப்படிப் பறக்கக்கூடும் என்பதைக் கண்டனர். அரசகுமாரரின் கார் வேடிக்கை. பக்கத்துத் தெருப் பட்டறையில் தயாரான ஹெரால்டு நம்பிக்கை.

இந்தியா முழுவதும் இத்தகைய கழகங்கள் தத்தம் விதிகளின்படி பந்தயம் நடத்திவந்த நிலை 1971இல் மாறியது. அவ்வாண்டு இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு உருவாகி, எந்த எஞ்சின் கொள்ளளவு எந்தப் பிரிவில் ஓடலாம், எத்தகைய மாற்றங்கள் அனுமதிக்கப்படும், உரிமம் யாருக்கு என்பவற்றுக்குப் பொதுவிதிகள் வகுத்தது. அதை நிறுவியவர்களுள் சென்னையைச் சேர்ந்த இந்து சந்தோக் ஒருவர். கூட்டமைப்பின் அலுவலகமும் சென்னையிலேயே அமைந்தது. ஓடுதளப் பந்தயம் ஒருபக்கம் இருக்க, ராலி என்னும் நெடுந்தொலைவுப் போட்டியும் கழகத்தின் கவனத்தைப் பெற்றது. ராலியில் கார்கள் ஒன்றாகப் புறப்படுவதில்லை. இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, பக்கத்தில் அமர்ந்த வழிகாட்டி படிக்கும் குறிப்புகளைக் கேட்டபடி, மண்சாலையிலும் தோட்டப் பாதைகளிலும் நேரத்தோடு போட்டியிடும். சவுத் இந்தியா ராலி என்னும் போட்டியில் கோவையைச் சேர்ந்த ஜி. ஆர். கார்த்திகேயன் ஏழு முறை வென்றார். அவருடைய மகன் நரேன் பின்னர் ஃபார்முலா ஒன் வரை சென்றார்.

கோவையின் பங்கைச் சொல்லாமல் சென்னையின் கதை முழுமையடையாது. ஆலைத் தொழிலும் பம்புசெட்டு வார்ப்படத் தொழிலும் வளர்த்த கோவைப் பட்டறைகளின் பொறியியல் நுட்பத்தைப் பந்தயத்துக்குத் திருப்பியவர் சு. கரிவரதன். ஆலையதிபர் குடும்பத்தில் பிறந்து, சோழவரத்தில் ஓட்டி வென்ற அவர், இந்தியப் பந்தயத்தின் அடிப்படைக் குறை எது என்பதைத் தெளிவாகக் கண்டார். வெளிநாட்டிலிருந்து ஒற்றை இருக்கைக் கார் தருவிக்க வல்லவர் சிலரே. ஏனையோர் எவ்வளவு திறமைசாலிகளாயினும் குடும்பக் காரிலேயே காலம் தள்ளவேண்டியிருந்தது. 1980களின் பிற்பகுதியில் அவர் வடிவமைத்த ஃபார்முலா மாருதி இதற்கு விடையாக அமைந்தது. மாருதி 800 காரின் 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின் முன்சக்கரங்களை இயக்குவதற்காகக் கியர்பாக்ஸோடு ஒரே தொகுதியாக இணைந்திருந்தது; அத்தொகுதியை அப்படியே கழற்றி, இரும்புக் குழாய்களால் பற்றவைத்த சட்டகத்தில் ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தினால், பின்சக்கரங்களை இயக்கும் முறையான பந்தயக் கார் கிடைத்துவிடும். மேலே ஃபைபர் கிளாஸ் உடல். எல்லாருக்கும் ஒரே எஞ்சின், ஒரே சட்டகம் என்பதால் வெற்றியைத் தீர்மானிப்பது ஓட்டுநரின் திறமையே. எஞ்சின் கெட்டால் எந்த ஊர்க் கடையிலும் பாகம் கிடைக்கும். மிக எளிய இச்சிந்தனை இந்தியாவில் பந்தயத்தைப் பரம்பரைச் செல்வத்தின் பிடியிலிருந்து ஓரளவேனும் விடுவித்தது. இவ்விளையாட்டின் இந்திய வரலாற்றில் இதைவிடப் பயன்விளைத்த தனிமனிதச் செயல் வேறில்லை. 1995 ஆகஸ்டில் சிறிய விமானமொன்றில் பறந்தபோது நேர்ந்த விபத்தில் கரிவரதன் மறைந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இதற்கிடையில் கழகம் தன் வரலாற்றின் மிகப்பெரிய முடிவை எடுத்திருந்தது. சோழவரத்து நிலம் அதன் சொந்தமன்று. அனுமதி கிடைத்தால் பந்தயம், இல்லையேல் இல்லை என்ற நிலை. கார்களின் வேகம் கூடக்கூட, பார்வையாளரையும் தடத்தையும் பிரிக்கப் போதிய பாதுகாப்பு அமைப்புகளைப் பிறர் நிலத்தில் நிரந்தரமாகக் கட்டவும் வழியில்லை. ஆகவே ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில், பெங்களூரு நெடுஞ்சாலையில், சென்னையிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கித் தனக்கென்று ஒரு தடம் அமைக்கக் கழகம் துணிந்தது. 1990இல் தொடங்கிய இத்தடம் 3.717 கி.மீ. நீளமும் 12 திருப்பங்களும் கொண்டது. பந்தயத்துக்கென்றே நிலையாக அமைக்கப்பட்ட முதல் இந்தியத் தடம் இதுவே. பன்னாட்டுப் பெருநிறுவனங்களின் தொழிற்சாலைகள் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தை மாற்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இது நிகழ்ந்தது. ஹூண்டாய் நிறுவனம் அதே இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது 1990களின் பிற்பகுதியில்தான். நாட்டின் மற்ற நகரக் கழகங்கள் விமான நிலையங்களும் நகர விரிவாக்கமும் தங்கள் ஓடுதளங்களை எடுத்துக்கொண்டபோது பந்தயத்தையே இழந்தன. சென்னைக் கழகம் உறுப்பினர்களின் சேமிப்பையும் புரவலர்களின் ஆதரவையும் நிலமாக மாற்றிக்கொண்டதால் தப்பியது.

பலன் ஒரு தலைமுறைக்குள்ளேயே தெரிந்தது. நரேன் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தை இத்தடத்தில் ஃபார்முலா மாருதி காரில் ஓட்டி, பரிசு மேடை ஏறினார்; 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம் வென்ற அவர், 2005இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் களமிறங்கிய முதல் இந்தியரானார். இந்து சந்தோக்கின் பேரன் கருண் 2010இல் அடுத்தவரானார். நடிகர் அஜித் குமாரும் ஃபார்முலா மாருதியில் பயின்றே 2003இல் ஃபார்முலா பி.எம்.டபிள்யூ. ஆசியாவுக்கும் 2010இல் ஃபார்முலா டூவுக்கும் சென்றார். வெளிநாட்டு இளைஞர்களும் இங்கு வரத் தொடங்கினர்: மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் தொடரில் இத்தடத்தில் ஓட்டினார். 2019இல் அத்தொடரின் பட்டத்தை இங்கிலாந்தின் ஜேமி சாட்விக் என்ற இளம்பெண் இங்கேயே உறுதிசெய்தார். கரிவரதன் வகுத்த ஒரேவகைக் கார் முறை, கோவையின் எல்.ஜி.பி. நிறுவனப் பெயரில் வழங்கும் ஃபார்முலா எல்.ஜி.பி. கார்களில் இன்றும் தொடர்கிறது.

இவ்வளர்ச்சியின் விலையையும் சொல்லியாக வேண்டும். 2023ஆம் ஆண்டில் மட்டும் இருங்காட்டுக்கோட்டையில் அனுபவம் மிக்க கார் ஓட்டுநர் ஒருவரும், பதின்மூன்றே வயதான மோட்டார் சைக்கிள் வீரன் ஒருவனும் பந்தயத்தின்போது உயிரிழந்தனர். எத்தகைய ஏற்பாட்டாலும் ஆபத்தை முற்றிலும் நீக்க முடியாத விளையாட்டில் சிறுவர்களை எவ்வயதில் தடத்தில் இறக்குவது என்ற கேள்விக்குக் கழகங்களும் கூட்டமைப்பும் பெற்றோரும் சேர்ந்து கடுமையான விடை காண்பது கடமை. பிறகு 2024 ஆகஸ்ட் இறுதியில், தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. நீளத்தில் நகரச் சாலைகளிலேயே இரவுப் பந்தயம் நடத்தப்பட்டது. முந்தைய ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போன அந்நிகழ்ச்சியை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. பொதுச்சாலையையும் பொதுப்பணத்தையும் இதற்குப் பயன்படுத்தலாமா என்ற விவாதம் எழுந்தது. விளக்கொளியில் மின்னிய அப்பந்தயம் விளையாட்டைப் பல்லாயிரம் புதிய கண்களுக்குக் கொண்டுசேர்த்தது உண்மை. ஆனால் புதிய ஓட்டுநரையும் புதிய மெக்கானிக்கையும் உருவாக்குவது ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் நிலையான தடமே. அரசின் உதவி முதலில் செல்லவேண்டிய இடமும் அதுவே.

இவ்வளவு நீண்ட மரபுக்குத் தமிழில் முறையான வரலாற்று நூல் இல்லாதது பெருங்குறை. ஓடியவர்களும் வண்டிகளைத் தயார்செய்த மெக்கானிக்குகளும் கொடி பிடித்த மார்ஷல்களும் முதுமையடைந்துவிட்டனர். அவர்களுள் பலர் மறைந்தும்விட்டனர். சோழவரம் பந்தயங்களின் நிகழ்ச்சி நிரல் புத்தகங்கள், அனுமதிச் சீட்டுகள், நேரக் குறிப்புத் தாள்கள், புகைப்படங்கள் ஆகியவற்றை வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றைப் பழைய தாள் கடைக்கு அனுப்பிவிடாமல், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களிடம் சேர்ப்பிக்க முன்வரவேண்டும். உயிரோடிருக்கும் மெக்கானிக்குகளின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் பணியைக் கழகமே இவ்வாண்டிலேயே தொடங்கவேண்டும்.